வாசகர் கேள்வி – பதில்: வைத்தியரின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா?

சித்த, ஆயுர்வேத, ஹோமியோபதி மருத்துவர்களுக்கு அரசு வழங்கும் பதிவைப் பற்றியும், அக்குபங்சர் முதலிய பிற முறைகளில் வழங்கப்படும் சான்றிதழ்களைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் விவரமாக எழுதப்பட்ட கடிதத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பாட்டனாரும் தகப்பனாரும் வைத்தியர்கள். தகப்பனாருக்கு ஆர்.ஐ.எம்.பி. பதிவு இருந்தது. அவரிடமே இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாடி பார்ப்பதையும் சூரணம், தைலம், பற்பம் செய்வதையும் கற்றேன். அவர் காலமான பின்பு மக்கள் என்னிடம் வருகிறார்கள். அந்தப் பதிவை என் பெயருக்கு மாற்றிக்கொள்ள இயலுமா? இல்லையெனில் பரம்பரை வைத்தியர் என்று அரசிடம் சான்றிதழ் பெற வழி உண்டா?
— திண்டுக்கல் மாவட்ட வாசகர்

பதில்: மாற்றிக்கொள்ள இயலாது. மருத்துவப் பதிவு இன்னார் என்ற ஒருவரின் தகுதிக்கு வழங்கப்படுவது. அவர் ஆயுளோடு அது முடிந்துவிடும். தங்கள் தகப்பனாருக்கு அந்தப் பதிவு எவ்வாறு கிடைத்தது என்பதைச் சொன்னால், தங்களுக்கு ஏன் கிடைப்பதில்லை என்பதும் விளங்கும்.

சென்னை மாகாண அரசு 1921-இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்து, நாட்டு மருத்துவ முறைகளின் நிலையை ஆராயச் செய்தது. அக்குழு 1923-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய மூன்றையும் கற்பிக்கும் அரசுப் பள்ளி ஒன்று கீழ்ப்பாக்கத்தில் தோன்றியது. 1930-களில் வைத்தியர்களைப் பதிவு செய்வதற்கென ஒரு வாரியமும் ஏற்பட்டது. அப்போது ஊர்தோறும் இருந்த வைத்தியர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆசானிடமோ தந்தையிடமோ கற்றவர்களே அன்றிப் பள்ளியில் படித்தவர்கள் அல்லர். அவர்களை ஒதுக்கிவிட்டுப் பதிவேடு தொடங்கியிருந்தால் அதில் எழுதுவதற்குப் பெயர்களே கிடைத்திரா. ஆகவே அனுபவத்தையும் ஒரு தகுதியாக ஏற்றுப் பதிவு வழங்கினார்கள். 'பதிவுபெற்ற இந்திய மருத்துவர்' என்பதைக் குறிக்கும் ஆர்.ஐ.எம்.பி. என்ற எழுத்துகள் தமிழ்நாட்டின் சிற்றூர்ப் பெயர்ப்பலகைகளில் இடம்பெற்றது இந்த வழியாகத்தான். (கீழ்ப்பாக்கத்துப் பள்ளி பிற்பாடு கல்லூரியாகி, 1960-இல் நவீன மருத்துவம் கற்பிக்கும் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாகவே மாறிவிட்டது. நாட்டு மருத்துவத்துக்காகக் கட்டிய வீட்டில் வேறொருவர் குடியேறிய கதை அது.)

1970-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ மத்தியக் கவுன்சில் சட்டம் இந்த வாயிலை அடைத்தது. சட்டத்தின் அட்டவணையில் கண்ட பட்டத்தைப் பெற்றவர்களே இனிப் பதிவுக்கு உரியவர்கள் என்று ஆயிற்று. ஏற்கெனவே பதிவேட்டில் இருந்தவர்களின் உரிமை காக்கப்பட்டது. பதிவேடே இல்லாத மாநிலங்களில், சட்டம் தொடங்கிய நாளில் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் வைத்தியம் செய்துவந்தவர்களுக்கும் தொடர்ந்து செய்ய இடம் தரப்பட்டது. கணக்குப் பார்த்தால், இந்தக் கடைசிச் சலுகைக்கு உரியவர் எவரும் இன்று எழுபது வயதைத் தாண்டியவராகவே இருக்க முடியும். நாற்பது வயதுக்காரர் ஒருவர் அந்தப் பிரிவைக் காட்டி வாதிட்டால் அது எடுபடாது. 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம், 2020 நடைமுறையில் இருக்கிறது. பட்டம் இல்லாமல் பதிவு இல்லை என்ற கொள்கை அதிலும் மாறவில்லை.

கேரளத்தின் பாரம்பரிய வைத்தியர்கள் இதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். 1953-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்–கொச்சி மருத்துவர் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறாத தாங்கள் வழிவழியாகச் செய்துவரும் வைத்தியத்தைத் தொடர அனுமதிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. 2018 ஏப்ரலில் வந்த தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக இல்லை. அங்கீகரிக்கப்பட்ட தகுதியும் பதிவும் இல்லாதவர்கள், எத்தனை தலைமுறை அனுபவம் உடையவர்களாயினும், மக்களின் உயிரோடு தொடர்புடைய இந்தத் தொழிலைச் செய்ய உரிமை கோர முடியாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

இதில் என் கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். தீர்ப்பில் குறை காண்பதற்கில்லை. சட்டம் அவ்வாறுதான் இருக்கிறது. ஆனால் வாயிலை அடைத்தபோது, அனுபவம் உள்ளவர்களைச் சோதித்து, தேறியவர்களைக் குறிப்பிட்ட எல்லைக்குள் தொழில் செய்ய விடுவதற்கான தேர்வு ஒன்றை நாடு முழுமைக்கும் வகுக்காமல் விட்டது பெருங்குறை. மூலிகையை மண்ணிலேயே அடையாளம் காணும் மனிதரும், பேருந்து நிலையத்தில் கூடாரம் அடித்து லேகியம் விற்பவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே வரிசையில் நிற்க நேர்ந்தது அதனால்தான்.

இந்தியத் தர மன்றம் சமூக நல வைத்தியர்களுக்கென நடத்தும் விருப்பச் சான்றளிப்புத் திட்டத்தைப் பற்றித் தாங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மஞ்சள் காமாலை, எலும்பு முறிவு, விஷக்கடி, மருத்துவச்சிப் பணி என ஒவ்வொரு துறையாக வைத்தியரின் அறிவையும் கைத்திறனையும் நேரில் சோதித்துச் சான்று அளிக்கும் திட்டம் அது. மதிக்கத்தக்க முயற்சிதான். ஆனால் அச்சான்று திறமைக்குக் கிடைக்கும் அங்கீகாரமே ஒழியத் தொழில் உரிமம் அன்று. அதனைக் காட்டி வைத்தியசாலை நடத்த முடியாது. மற்றபடி, வைத்தியர்கள் தம் சொந்த நோயாளிகளுக்கென மருந்து செய்துகொள்ள உரிமம் வேண்டியதில்லை என்று 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தில் ஒரு விலக்கு இருப்பதைச் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அது மருந்து செய்முறைக்குத் தரப்பட்ட விலக்கு. நோயாளியைப் பார்க்கும் உரிமையை அது தருவதில்லை. தங்கள் கைவசமுள்ள செய்முறைகளை எழுதி வைப்பதும், உரிமம் பெற்ற சித்த மருந்துக் கூடங்களில் தங்கள் அனுபவத்தைப் பயன்படுத்துவதும், வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் சித்த மருத்துவப் பட்டப்படிப்பான பி.எஸ்.எம்.எஸ். படிக்கவைப்பதும் சட்டத்துக்கு உட்பட்ட வழிகள். தங்களுக்கு இது ஆறுதலான பதிலாக இராது என்பதை அறிவேன்.

கேள்வி: அறக்கட்டளை ஒன்று நடத்திய ஓராண்டு அக்குபங்சர் பட்டயப் படிப்பை ஞாயிற்றுக்கிழமைகளில் படித்து முடித்தேன். சான்றிதழில் 'இந்திய அரசில் பதிவு பெற்றது' என்று அச்சிட்டிருக்கிறார்கள், ஐ.எஸ்.ஓ. முத்திரையும் உண்டு. பெயருக்கு முன் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளலாம் என்று கூறுகிறார்கள். போடலாமா?
— ஈரோடு வாசகி

பதில்: போட வேண்டாம். 'அரசில் பதிவு பெற்றது' என்ற சொற்களை முதலில் பிரித்துப் பார்ப்போம். எந்த அறக்கட்டளையும் சார்பதிவாளர் அலுவலகத்திலோ, சங்கமாக இருந்தால் சங்கங்களின் பதிவாளரிடமோ பதிவு செய்யப்பட்டே இருக்கும். பஜனை மண்டலிக்கும் அந்தப் பதிவு உண்டு. குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் உண்டு. பதிவாகியிருப்பது அந்த அமைப்பு மட்டுமே. அது நடத்தும் படிப்பை எந்த மருத்துவக் கவுன்சிலும் ஏற்றதாக அதற்குப் பொருள் இல்லை. ஐ.எஸ்.ஓ. முத்திரை ஒரு நிறுவனத்தின் நிர்வாக முறையைப் பற்றியது. அங்குக் கற்பிக்கப்படும் மருத்துவத்தின் தரத்தை அது அளப்பதில்லை. சிறு தொழில் பதிவுச் சான்றைக்கூடச் சட்டமிட்டு மாட்டியிருப்பவர்கள் உண்டு.

பட்டம் வழங்கும் உரிமை, 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களுக்கும் அதற்கென அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உரியது. இதனை மீறுவோருக்கு அச்சட்டம் விதிக்கும் அபராதம் ஆயிரம் ரூபாய் வரைதான் என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். ஒரே மாணவரிடம் வாங்கும் கட்டணத்தில் அபராதத்தைக் கட்டிவிட்டு மிச்சமும் பார்க்கலாம் என்றால், இத்தகைய நிறுவனங்கள் ஏன் குறையவில்லை என்று வியக்க வேண்டியதில்லை.

இனி அக்குபங்சருக்கு வருவோம். மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பரில் வெளியிட்ட ஆணை, மாற்று மருத்துவம் என்று சொல்லிக்கொண்ட பல முறைகளை ஆராய்ந்த குழுவின் முடிவுகளை ஏற்று, அவற்றுள் எலக்ட்ரோபதி போன்றவற்றுக்குத் தனி மருத்துவ முறை என்ற தகுதி இல்லை என்றது. (எலக்ட்ரோபதி இத்தாலியின் போலோக்னாவைச் சேர்ந்த சீசரே மட்டேயி என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் உண்டாக்கியது. ராஜஸ்தான் 2018-இல் அதற்கும் ஒரு சட்டம் இயற்றியது என்பது வேறு செய்தி.) அக்குபங்சரை அந்த ஆணை ஒரு சிகிச்சை வழி என்ற அளவில் ஏற்றுக்கொண்டது. 2019-இல் அமைச்சகம் ஒரு படி மேலே சென்று, அதனைத் தனியான ஒரு மருத்துவ முறையாக அங்கீகரித்தது. அந்தச் செய்தி வந்த மறுநாளே பயிற்சி மையங்கள் தங்கள் விளம்பரங்களில் 'மத்திய அரசு அங்கீகாரம்' என்று சேர்த்துக்கொண்டதில் வியப்பில்லை. ஆயினும் அங்கீகரிக்கப்பட்டது முறை. குறிப்பிட்ட ஒரு மையமோ அதன் சான்றிதழோ அன்று. அந்த முறையைச் செய்பவர் யார், எவ்வளவு காலம் படித்திருக்க வேண்டும், எங்கே பதிவு செய்ய வேண்டும் என்பதை மாநிலச் சட்டம்தான் வகுக்க வேண்டும். மேற்கு வங்காளம் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், மகாராஷ்டிரம் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அதற்கு ஏற்பாடு செய்தன. தமிழ்நாட்டில் அவ்வாறு சட்டப்படி அமைந்த அக்குபங்சர் கவுன்சில் இல்லை.

ஆகவே தங்கள் பட்டயம் பயிற்சி பெற்றதற்கான சான்று என்ற அளவில் நிற்கிறது. 'டாக்டர்' என்று போட்டுக்கொண்டு, வருபவர்கள் தங்களைப் பதிவுபெற்ற மருத்துவர் என்று எண்ணும்படி நடந்துகொண்டால் ஏமாற்றுதல் குற்றத்துக்கு இடமுண்டு. அதோடு ஊசி மருந்து, ஆன்டிபயாடிக் என்று கைவைத்தால், தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019-இன்படி ஓராண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இன்னொன்றும் சொல்லவேண்டும். தங்களிடம் வருபவர் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருப்பவராயின், அதனை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எந்தப் பட்டயத்தாலும் தங்களுக்குக் கிடைத்துவிடவில்லை.

கேள்வி: நான் பி.எஸ்.எம்.எஸ். முடித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர். எங்கள் ஊரில் வேறு மருத்துவர் இல்லாததால் காய்ச்சல், வயிற்றுப்போக்குக்கு ஆங்கில மருந்தும் எழுத வேண்டியிருக்கிறது. இது குற்றமா?
— திருநெல்வேலி மாவட்ட வாசகர்

பதில்: இதற்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது, எந்த மாநிலம், என்ன பயிற்சி என்பவற்றைப் பொறுத்தது. மும்பையில் ஹோமியோபதி படித்த மருத்துவர் ஒருவர் காய்ச்சலுக்கு ஆங்கில மருந்துகள் கொடுத்து, நோயாளி 1992-இல் இறந்துபோன வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. தாம் படிக்காத, பதிவு பெறாத முறையில் ஒருவர் சிகிச்சை அளிப்பதே கவனக்குறைவு ஆகும், அதனைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். 1998-இல் பஞ்சாப் வழக்கில் அதே நீதிமன்றம், இந்திய மருத்துவம் பயின்றவர்கள் நவீன மருந்துகளை எழுத மாநில அரசு முறைப்படி அனுமதித்திருந்தால் அந்த மாநிலத்துக்குள் எழுதலாம் என்று தெளிவுபடுத்தியது.

தமிழ்நாடு அரசு 2010 செப்டம்பரில் பிறப்பித்த ஆணை இந்த இடத்தில் முக்கியமானது. கல்லூரியில் முறைப்படி படித்துப் பதிவு பெற்ற இந்திய மருத்துவர்கள், படிப்பின்போது தாங்கள் பெற்ற கல்வி, பயிற்சி ஆகியவற்றின் அடிப்படையில் நவீன மருத்துவத்தையும் கையாள அது இடமளித்தது. அனுபவத்தின்பேரில் பதிவு பெற்ற பழைய ஆர்.ஐ.எம்.பி. வைத்தியர்களை அது சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தங்களைப் பொறுத்தவரை 'பெற்ற பயிற்சி' என்பதே எல்லைக்கோடு. வயிற்றுப்போக்குக்கு உப்பு–சர்க்கரைக் கரைசல் கொடுப்பதும் பாராசிட்டமால் எழுதுவதும் ஒரு வகை; கற்காத ஊசி மருந்தைத் துணிந்து போடுவது வேறு வகை. வழக்கு என்று வந்தால், அந்தப் பயிற்சி எங்கே, எப்போது பெற்றீர்கள் என்று நீதிமன்றம் தங்களையே கேட்கும். சித்த மருத்துவர் என்ற தங்கள் தகுதியைச் சீட்டிலும் பலகையிலும் மறைக்காமல் எழுதுங்கள். நோயாளிக்குத் தெரிந்திருப்பதே தங்களுக்கும் பாதுகாப்பு.

ஆயுர்வேத முதுநிலை மாணவர்கள் 58 அறுவைச் சிகிச்சைகளில் பயிற்சி பெற 2020 நவம்பரில் வெளியான அறிவிக்கை, ஆயுர்வேதத்தின் குறிப்பிட்ட முதுநிலைப் பிரிவுகளுக்கு மட்டுமே உரியது. சித்த மருத்துவர்கள் அதனைத் தங்களுக்குப் பொருத்திக்கொள்ள முடியாது.

கேள்வி: இந்த முறைகள் பலவற்றுக்கு அறிவியல் ஆதாரம் போதாது என்கிறார்கள். அப்படியிருக்க, அரசு பதிவுச் சான்றிதழ் கொடுப்பது அவற்றுக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுப்பதாகாதா?
— வேலூர் வாசகர்

பதில்: வந்த கேள்விகளில் அடிப்படையானது இதுதான். பதிவு எதைச் சொல்கிறது என்று பார்க்கலாம். ஒருவர் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் நான்கரை ஆண்டுகள் படித்து, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி முடித்து, தேர்வுகளில் தேறி, ஒழுக்க விதிகளுக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதை அது சொல்கிறது. உடற்கூறு, உடலியங்கியல், நோய்க்குறியியல் ஆகியவையும் அந்தப் படிப்பில் உண்டு. ஆனால் அவர் தரும் இன்ன மருந்து இன்ன நோயைக் குணப்படுத்தும் என்று பதிவேடு எங்கும் சொல்லவில்லை.

மருந்தின் உரிமமும் அதைச் சொல்வதில்லை என்பது பலருக்குத் தெரியாது. நவீன மருந்து ஒன்று சந்தைக்கு வர மனிதர்களிடம் சோதனைகள் நடத்தி ஆதாரம் காட்ட வேண்டும். சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்தோ, மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் முதல் அட்டவணையில் கண்ட பழைய நூல்களில் ஒன்றில் சொல்லியபடி, சொல்லிய நோய்க்கே செய்யப்பட்டதாயின், பயன் குறித்த புதிய ஆய்வு இல்லாமலே உற்பத்தி உரிமம் பெறலாம். அங்கே நூலே சான்று. பாதரசம், லிங்கம் (பாதரசம் கலந்த ஒரு கனிமம்), எட்டி, சேராங்கொட்டை போன்ற நச்சுப் பொருள்கள் சேர்ந்த மருந்துகளுக்கு மட்டும், மருத்துவரின் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை சீட்டில் இருக்க வேண்டும் என்று விதி உள்ளது. அந்த எச்சரிக்கைக்குப் பொருள் வேண்டுமானால், மேற்பார்வையிட வேண்டிய மருத்துவர் யார் என்பதை எங்கோ ஓரிடத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும் அல்லவா?

பதிவேட்டின் தேவை இங்கேதான் எழுகிறது. அரசு பதிவு செய்ய மறுத்தாலும் மக்கள் இந்த மருத்துவத்தை நாடுவதை விட்டுவிடப் போவதில்லை. பதிவு இருந்தால், தவறு செய்தவரின் பெயரை அதிலிருந்து நீக்க முடியும். பதிவே இல்லாதவரை எதிலிருந்து நீக்குவது? ஆனாலும் தாங்கள் அஞ்சுவதில் உண்மை இல்லாமல் இல்லை. சுவரில் அரசு முத்திரையைக் காணும் நோயாளி, சிகிச்சைக்கே அரசு பொறுப்பேற்றிருப்பதாக எண்ணிக்கொள்கிறார். அந்த எண்ணத்தைத் திருத்தும் கடமை கவுன்சில்களுக்கு உண்டு. அதனை அவர்கள் போதிய அளவில் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: ஒரு சித்த மருத்துவர் உண்மையில் பதிவு பெற்றவரா என்பதைச் சாதாரண மக்கள் எப்படிக் கண்டுகொள்வது? நீரிழிவை அடியோடு குணப்படுத்துவதாகத் தொலைக்காட்சியில் பேசுபவர்களை நம்பலாமா?
— தாம்பரம் வாசகி

பதில்: பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையான மருத்துவர் அதனை மருந்துச் சீட்டிலேயே அச்சிட்டிருப்பார். கேட்டதற்காகக் கோபிக்கவும் மாட்டார். தமிழ்நாட்டில் சித்த மருத்துவர்களின் பதிவு, 1997-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின்கீழ் அமைந்த தமிழ்நாடு சித்த மருத்துவக் கவுன்சிலிடம் இருக்கிறது. ஹோமியோபதிக்கு வேறு கவுன்சில். எண்ணையும் பெயரையும் கொடுத்து அங்கே விசாரிக்கலாம். மாவட்டத் தலைநகரில் இருக்கும் மாவட்ட சித்த மருத்துவ அலுவலரிடம் கேட்டாலும் தெரியும். மருத்துவமனைக் கட்டடத்துக்கு வழங்கப்பட்ட மருத்துவ நிறுவனப் பதிவுச் சான்றைக் காட்டினால் அது போதாது. அது இடத்துக்கு உரியது. உள்ளே இருப்பவரின் படிப்பைச் சொல்லாது. பட்டத்தின் எழுத்துகளையும் நிதானமாகப் படிக்க வேண்டும். பி.ஏ.எம்.எஸ். என்பது ஆயுர்வேதப் பட்டம். அதே எழுத்துகளை 'மாற்று மருத்துவ' பட்டத்துக்கும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சிறியதாக வேறு இரண்டு எழுத்துகளைச் சேர்ப்பவர்கள் உண்டு.

தொலைக்காட்சிப் பேச்சைப் பொறுத்தவரை, 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டம், நீரிழிவு, புற்றுநோய், வலிப்பு, வெண்தோல், உடல் பருமன் முதலிய 54 நோய்களுக்கும் நிலைகளுக்கும் மருந்து உண்டு என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. உயரத்தைக் கூட்டுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பதிவு பெற்ற மருத்துவர் தம் மருத்துவமனை வாயிலில், இந்த நோய்க்கு இங்கே சிகிச்சை அளிக்கப்படும் என்று பலகை வைத்துக்கொள்ள மட்டும் அச்சட்டம் விலக்கு தருகிறது. வாயிலைத் தாண்டி, திரையில் வந்து 'அடியோடு குணம்' என்று பேசும்போது அந்த விலக்கு துணைக்கு வராது. பதிவு பெற்றவரே பேசினாலும் இதுதான் நிலை.

கேள்வி: இலங்கையிலும் பரம்பரை வைத்தியர்களுக்கு இதே நிலைதானா? எங்கள் ஊரில் முறிவு நெரிவு வைத்தியர் ஒருவர் அரசுப் பதிவு இருப்பதாகச் சொல்கிறார்.
— மட்டக்களப்பு வாசகர்

பதில்: அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். இந்தியா மூடிய வாயிலை இலங்கை திறந்தே வைத்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் 31-ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், சித்தம், யுனானி, சுதேச வைத்தியம் ஆகியவற்றையும் தன்னுள் அடக்கியது. அதன்கீழ் இயங்கும் ஆயுர்வேத மருத்துவச் சபை, பல்கலைக்கழகப் பட்டதாரிகளோடு பரம்பரை வைத்தியர்களையும் சோதித்துப் பதிவு செய்கிறது. முழுமையான பொது வைத்தியராக மட்டுமன்றி, முறிவு நெரிவு, விஷக்கடி போன்ற ஒரு துறையில் மட்டும் தேர்ந்தவர் என்றும் ஒருவர் பதிவு பெறலாம். கைதடியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் பிரிவிலோ கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலோ பட்டம் பெற்றவரும், தகப்பனிடம் முறிவு கட்டக் கற்றவரும் ஒரே சபையின் ஆளுகைக்குள் வருகிறார்கள்.

திண்டுக்கல் வாசகருக்கு எழுதிய பதிலில் நான் குறைப்பட்டுக்கொண்ட ஏற்பாடு இதுவே. துறையை வரையறுத்துப் பதிவு தருவதில் ஒரு நன்மை உண்டு: முறிவு கட்டும் வைத்தியர் மாரடைப்பைப் பார்க்கத் தொடங்கினால், எல்லை மீறினார் என்று சொல்ல ஓர் ஆதாரம் இருக்கும். தங்கள் ஊர் வைத்தியரின் பதிவுச் சான்றில் எந்தத் துறை எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

கேள்வி: மலேசியாவில் சித்த வைத்தியம் செய்ய இந்தியப் பட்டம் மட்டும் போதுமா?
— கிள்ளான் வாசகர்

பதில்: போதாது. பாரம்பரிய, நிறைவு மருத்துவச் சட்டம் 2016-இன்கீழ் அமைந்த மன்றத்தில் தனியாகப் பதிவு பெற வேண்டும். மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்கள், ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவம் என்று அங்கே ஏழு துறைகள் வகுத்திருக்கிறார்கள்; சித்தம் 'இந்தியப் பாரம்பரிய மருத்துவம்' என்பதில் அடங்கும். சிங்கப்பூரில் நிலை வேறு. அங்கே 2000-ஆம் ஆண்டுச் சட்டம் சீனப் பாரம்பரிய மருத்துவர்களை மட்டுமே பதிவு செய்கிறது.

கேள்வி: யோகா சான்றிதழ் வாரியத்தின் தேர்வில் தேறியிருக்கிறேன். நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கலாமா? பி.என்.ஒய்.எஸ். பட்டத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?
— கோயம்புத்தூர் வாசகி

பதில்: ஆயுஷ் அமைச்சகத்தின் அந்த வாரியம் யோகா கற்பிப்போரைப் பல நிலைகளில் தேர்வு செய்து சான்றளிக்கிறது, யோகா சிகிச்சையாளருக்கும் தனி நிலைகள் உண்டு. எந்த நிலையில் தேறியிருந்தாலும் அது விருப்பச் சான்றே. மருத்துவர் என்ற பதிவைத் தருவதன்று. பி.என்.ஒய்.எஸ். என்பது இயற்கை மருத்துவத்திலும் யோகாவிலும் வழங்கப்படும், உள்ளுறைப் பயிற்சி உட்பட ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு. ஆனால் முன்னர்க் குறிப்பிட்ட, இந்திய மருத்துவ முறைகளுக்கான 2020-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இயற்கை மருத்துவத்தையும் யோகாவையும் தன் வரம்புக்குள் சேர்க்கவில்லை. அதனால் அந்தப் பட்டதாரிகளின் பதிவு மாநில அளவிலேயே நிற்கிறது. மாநிலம் மாறும்போது அவர்கள் படும் சிரமத்துக்கு இதுவே காரணம்.

கேள்வி: என் மகன் விழுந்து முழங்கைக்கு மேல் எலும்பு முறிந்தபோது, அருகிலிருந்த நாட்டுக் கட்டுச் சாலையில் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார்கள். இரண்டாம் நாள் விரல்கள் மரத்துப்போய், அரசு மருத்துவமனையில் அவசரமாக அறுவை செய்ய நேர்ந்தது. கட்டியவர் எந்தப் பதிவும் இல்லாதவர் என்று பிறகுதான் தெரிந்தது. யாரிடம் முறையிடுவது?
— ராணிப்பேட்டை வாசகர்

பதில்: தங்கள் மகன் நலம் பெற்று வருகிறான் என்று கடிதத்தின் பிற்பகுதியில் எழுதியிருப்பது நிம்மதி தருகிறது. சிறுவர்களுக்கு முழங்கையை ஒட்டி ஏற்படும் முறிவு மிகவும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டியது. அங்கே வீக்கம் கூடும்போது இறுக்கமான கட்டு இரத்த ஓட்டத்தைத் தடுத்து, சில மணி நேரத்திலேயே தசையைச் சாகடித்துக் கையை நிரந்தரமாக முடக்கிவிடக்கூடும். கட்டியவர் யாராக இருந்தாலும், விரல் குளிர்ந்தாலோ நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ, விரலை நீட்டும்போது தாங்க முடியாத வலி எடுத்தாலோ, உடனே கட்டைத் தளர்த்தி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பதைப் பிற வாசகர்களும் குறித்துக்கொள்ளட்டும்.

முறையீட்டுக்கு மூன்று வழிகள் உள்ளன. மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடம் எழுத்துமூலம் புகார் தரலாம். பதிவில்லாதவர்கள் மீது ஆய்வு நடத்திக் காவல்துறைக்கு அனுப்புவது அந்த அலுவலகம்தான். காவல் நிலையத்திலும் நேரடியாகப் புகார் அளிக்கலாம். இழப்பீடு வேண்டுமாயின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக வேண்டும். கட்டணம் பெற்று அளிக்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. கட்டியவர் பதிவு பெற்ற மருத்துவராக இருந்திருந்தால் நான்காவதாக ஒரு வழியும் இருந்திருக்கும்: மாநிலக் கவுன்சிலில் முறையிட்டு, அங்கே நியாயம் கிடைக்கவில்லையென்றால் இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையத்தின் ஒழுக்கம் மற்றும் பதிவு வாரியம் வரை செல்லலாம். அந்த வழி தங்களுக்கு இல்லாமற் போனது வருந்தத்தக்கது.

கட்டுச் சாலையின் பலகையையும் அதிலுள்ள பட்டங்களையும் இப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் போனதும் பலகைகள் மாறிவிடுவது வழக்கம். முறிவு ஏற்பட்ட அன்று எடுத்த எக்ஸ்ரே, அரசு மருத்துவமனையின் வெளியேற்றச் சுருக்கம், அறுவைக் குறிப்பு ஆகியவற்றின் நகல்களைக் கேட்டுப் பெறுங்கள். பணம் கொடுத்ததற்கு ரசீது இல்லையென்று எழுதியிருக்கிறீர்கள். செல்பேசி வழியாகச் செலுத்தியிருந்தால் வங்கிக் கணக்குப் பதிவே போதும், இல்லையேல் உடன் வந்தவரின் வாக்குமூலத்தை இணைக்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கக் காலவரம்பு, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்.